மயக்கவியல் போர்டு தேர்வுக்கு மாதிரித் தேர்வுகள் எவ்வளவு தூரம் உதவும்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது அமெரிக்காவில் மயக்கவியல் ரெசிடென்சி எனும் சிறப்புப் பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒருவர், தம் துறையில் ஆண்டுக்கு இருமுறை மாதிரி வாய்மொழித் தேர்வும் மாதிரி ஆஸ்கி எனும் செயல்முறைத் தேர்வும் நடத்துவதாகச் சொல்கிறார். இவை, சிறப்பு மருத்துவர் சான்றிதழுக்கான போர்டு தேர்வில் தேறுவதற்கு உண்மையிலேயே உதவுமா, அந்த நேரத்தில் புத்தகத்தைப் படிப்பதே மேலா, தம் துறையில் நடப்பதை எப்படிச் செம்மைப்படுத்துவது என்று அவர் கேட்டிருக்கிறார்.

உதவும் என்பதே என் பதில். ஆனால் மாதிரித் தேர்வை அறிவைப் பெருக்கும் வழியாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, உங்களைத் தெரியாத ஒருவர் முன்னால், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, காரணத்தோடு வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தையே அது தருகிறது. இந்தப் பழக்கம் புத்தகத்தால் வராது. அறுவை அரங்கில் ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்றாலும் தானாக வராது, ஏனென்றால் அங்கே நாம் செய்கிறோமே தவிரச் சொல்வதில்லை. ரத்த அழுத்தம் குறைந்ததும் கை தானாகவே அழுத்தத்தை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் ஊசியை எடுத்துவிடுகிறது. ஏன் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. போர்டு தேர்வு அந்த 'ஏன்' ஒன்றைத்தான் கேட்கிறது.

தேர்வின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். 1938இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மயக்கவியல் வாரியம் இப்போது சான்றிதழை மூன்று படிகளாக வழங்குகிறது. ரெசிடென்சியின் நடுவில் எழுதும் 'பேசிக்', முடித்தபின் எழுதும் 'அட்வான்ஸ்டு' ஆகிய இரண்டும் கணினியில் எழுதும் தேர்வுகள். மூன்றாவதான 'அப்ளைடு' தேர்வுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நெடுங்காலமாக நடந்துவரும் வாய்மொழித் தேர்வு. மற்றொன்று 2018இல் சேர்க்கப்பட்ட ஆஸ்கி, அதாவது பல நிலையங்களில் அடுத்தடுத்து நடக்கும் செயல்முறைத் தேர்வு. இதற்கெனவே வட கரோலினாவின் ராலே நகரில் வாரியத்துக்குத் தேர்வு மையம் இருக்கிறது. இரண்டு பகுதிகளில் ஒன்றில் மட்டும் தவறினால் அதை மட்டும் மறுபடி கொடுத்தால் போதும். ரெசிடென்சி முடித்த ஏழு ஆண்டுகளுக்குள் சான்றிதழ் பெற்றாக வேண்டும் என்ற வரம்பும் உண்டு.

இந்த வரிசையில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஜூன் மாதத்தில் ரெசிடென்சி முடிகிறது, அதைத் தொடர்ந்து அட்வான்ஸ்டு தேர்வு வருகிறது, அதில் தேறிய பிறகே அப்ளைடு தேர்வுக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே வாய்மொழித் தேர்வுக்குப் போகும் நாளில் நீங்கள் பெரும்பாலும் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், ஃபெலோஷிப் எனும் மேற்பயிற்சியிலோ வேலையிலோ இருப்பீர்கள். உடன் படித்தவர்கள் சிதறியிருப்பார்கள், கேள்வி கேட்டுத் துளைத்தெடுக்கும் ஆசிரியர்கள் அருகில் இருக்க மாட்டார்கள். வாரம் 50 மணி நேரம் தனியாக மயக்கம் கொடுக்கும் ஒருவருக்கு 'ஏன்' என்று கேட்பார் எவரும் இல்லாமல் பல மாதங்கள் கழிந்துவிடும். மாதிரித் தேர்வு இறுதி ஆண்டின் கடைசி மாதங்களுக்கு உரியது என்று நினைக்கும் துறைகள் இந்த இடைவெளியை மறந்துவிடுகின்றன. பேசும் பழக்கம் முதலாம் மயக்கவியல் ஆண்டிலேயே தொடங்கி வேரூன்றியிருந்தால்தான் அது இந்த வறட்சியைத் தாங்கும்.

வாய்மொழித் தேர்வில் தலா 35 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகள் உண்டு. உள்ளே போவதற்கு முன் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பைத் தருவார்கள். அதைப் படித்து யோசிக்கச் சில நிமிடம் கிடைக்கும். அறையில் இரண்டு தேர்வாளர்கள். அவர்கள் எடைபோடுவது நீங்கள் எத்தனை செய்திகளை ஒப்பிக்கிறீர்கள் என்பதை அன்று. அறிவை இந்த நோயாளிக்குப் பொருத்த முடிகிறதா, முடிவெடுக்கும் விவேகம் இருக்கிறதா, நிலைமை மாறினால் நீங்களும் மாறுகிறீர்களா, சொல்வதைக் கோவையாகச் சொல்கிறீர்களா என்பவற்றையே பார்க்கிறார்கள்.

ஒரு மாதிரித் தேர்வில் நான் தேர்வாளராக உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்த 78 வயதுப் பெண்மணி, பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது, வால்வின் பரப்பு 0.7 சதுர செ.மீ. எந்த வகை மயக்கம் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். எதிரே இருந்தவர் எங்கள் துறையின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவர், எழுத்துத் தேர்வுகளில் எப்போதும் முன்னிலையில் இருப்பவர். அவர் சொன்னார்: "முதுகுத்தண்டில் ஸ்பைனல் கொடுக்கலாம், பொது மயக்கமும் கொடுக்கலாம், இரண்டுக்கும் நன்மை தீமைகள் உண்டு, இதயநோய் நிபுணரின் கருத்தையும் கேட்கலாம், நோயாளியின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும்." நான் மறுபடி கேட்டேன்: "நீங்கள் என்ன செய்வீர்கள்?" அவர் அதே பட்டியலை இன்னும் விரிவாகச் சொன்னார். மூன்று நிமிடம் போய்விட்டது. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை, ஆனால் நோயாளி இன்னும் மேசையில் காத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து, அவரைவிட ஓராண்டு இளையவர் அதே கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னார்: "பொது மயக்கம் கொடுப்பேன். மயக்கத்தைத் தொடங்கும் முன்பே மணிக்கட்டுத் தமனியில் குழாய் பொருத்தி, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் பார்ப்பேன். ஸ்பைனலில் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து டயஸ்டாலிக் அழுத்தம் விழுந்தால், தடித்துப்போன இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறையும், அதை நான் விரும்பவில்லை." இத்தனைக்கும் கவனமாகக் கொடுக்கப்படும் முதுகுத்தண்டு மயக்கத்தை ஆதரித்தும் இதே அளவு வலுவாக வாதாடலாம். எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் காரணத்தை இந்தப் பெண்மணியின் வால்வோடு பொருத்தினார் என்பதுதான் முக்கியம்.

உடனே நிலைமையை மாற்றினேன்: "மயக்கம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆயிற்று. துடிப்பு 140, ஒழுங்கில்லை, அழுத்தம் 60க்கு 35." அவர் இரண்டு விநாடி பேசாமல் இருந்தார். பிறகு, "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறையான ஏட்ரியத்தின் தாறுமாறான துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். விறைத்த இதய அறைக்கு ஏட்ரியத்தின் உதைப்பு இல்லாமல் ரத்தம் போதுமான அளவு நிறையாது, இவ்வளவு வேகத்தில் நிறைய நேரமும் இருக்காது. மருந்துகளை நம்பிக் காத்திருக்க மாட்டேன், துடிப்போடு ஒத்திசைந்த மின்னதிர்ச்சி கொடுப்பேன், அதற்குத் தயாராகும்போதே ஃபினைலெஃப்ரின் கொடுத்து அழுத்தத்தைத் தாங்குவேன்" என்றார். அந்த இரண்டு விநாடி மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் பலமுறை உட்கார்ந்தவருக்குத்தான் அந்த மௌனம் பயமில்லாமல் வரும். முதன்முறை உட்காருபவர் மௌனத்துக்கு அஞ்சி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நானும் அந்த வழியில் வந்தவன் என்பதால் சொல்கிறேன். நம் ஊர் வாய்மொழித் தேர்வான வைவாவில் தேர்வாளர் மனத்தில் இருக்கும் விடையைக் கண்டுபிடிப்பதுதான் பழக்கம். அவர் புருவம் சற்று உயர்ந்தால் விடையை மாற்றிக்கொள்வோம், "நிச்சயமாகவா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்று பின்வாங்குவோம். அங்கே அது பணிவு. இங்கே அதே பணிவு உறுதியின்மையாகப் படும். அமெரிக்கத் தேர்வாளர் முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல் இருக்கப் பயிற்சி பெற்றவர், நல்ல பதிலின் நடுவிலேயே குறுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். குறுக்கிட்டால் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று நம்மவர்கள் உடைந்துபோகிறார்கள். உண்மையில் அந்த விஷயத்தில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, 35 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். இதை நான் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் உள்ளே இறங்காது. முகம் காட்டாத ஒருவர் நான்கைந்து முறை குறுக்கிட்ட பிறகே இறங்கும்.

ஆஸ்கியின் கதை வேறு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975இல் இந்த முறையை முன்வைத்தபோது, ஒரே தேர்வாளர், ஒரே நோயாளி என்ற பழைய முறையில் அதிர்ஷ்டத்துக்கு இருந்த இடத்தைக் குறைப்பதே நோக்கமாக இருந்தது. எல்லோரும் ஒரே நிலையங்களைக் கடந்து போவார்கள், எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். மயக்கவியலில் இங்கிலாந்தின் ராயல் கல்லூரியும் இஸ்ரேலின் மயக்கவியல் வாரியமும் அமெரிக்காவுக்கு முன்பே இதைக் கையாண்டன. ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார்: தெரிந்திருத்தல், எப்படி என்று தெரிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடம் செய்தல். எழுத்துத் தேர்வு கீழ்ப்படிகளோடு நின்றுவிடுகிறது, வாய்மொழித் தேர்வு இரண்டாம் படியை நன்றாகத் தொடுகிறது, 'செய்து காட்டு' என்று கேட்பது ஆஸ்கி மட்டுமே.

அமெரிக்க ஆஸ்கியில் ஏழு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், இடையே குறிப்பைப் படிக்க நான்கு நிமிடம். நிலையங்கள் இரண்டு வகைப்படும். முதல் வகை தொடர்பாடலும் தொழில் நெறியும்: ஒப்புதல் பெறுதல், சிகிச்சைத் தேர்வுகளை விளக்குதல், நேர்ந்துவிட்ட சிக்கலை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ சொல்லுதல், நெறிமுறைச் சிக்கலைக் கையாளுதல், மற்ற மருத்துவரோடு கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்த்தல், தம் துறையில் ஒரு குறைபாட்டைக் கண்டறிந்து சீர்செய்யும் திட்டத்தைச் சொல்லுதல் போன்றவை. இரண்டாம் வகை நுட்பத் திறன்: மானிட்டர் அலைகளைப் படித்தல், இதயத்தின் அல்ட்ராசவுண்டான எக்கோ படங்களைப் பார்த்து முடிவு சொல்லுதல், அல்ட்ராசவுண்டு கருவியால் உடற்கூறைக் கண்டுபிடித்துக் காட்டுதல்.

இரண்டாம் வகைக்கு மாதிரித் தேர்வை ஏற்பாடு செய்வது எளிது. எக்கோ படங்களைத் திரையில் ஓடவிட்டு, வலது இதய அறை வீங்கியிருக்கிறதா, இடது அறை காலியாக இருக்கிறதா, சுவரின் ஒரு பகுதி அசையாமல் இருக்கிறதா என்று கேட்டுப் பழகலாம். அல்ட்ராசவுண்டுக்கு உடன் படிப்பவரின் கழுத்தும் தொடையும் போதும். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: வாயைத் திறக்காமல் கருவியை நகர்த்திக்கொண்டிருப்பவருக்கு மதிப்பெண் கிடைக்காது. தமனி இது, நரம்பு இது, ஊசி இந்தப் பக்கத்திலிருந்து வரும், இந்த ரத்தக் குழாயை விலக்கிப் போகும் என்று சொல்லிக்கொண்டே ஸ்கேன் செய்யப் பழக வேண்டும்.

முதல் வகைதான் கடினம், பெரும்பாலான மாதிரித் தேர்வுகள் சறுக்குவதும் அங்கேதான். பல்லுடைந்த நோயாளி என்ற நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை முடிந்தது, சுவாசக் குழாய் செலுத்தியபோது முன்பல் ஒன்று உடைந்துவிட்டது, நோயாளி விழித்துக் கண்ணாடி கேட்கிறார். நாங்கள் இதை நடத்தியபோது நோயாளியாக நடித்தவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். உள்ளே வந்த ரெசிடென்ட் தம் பெயரைச் சொன்னார், நடந்ததைச் சொன்னார், குழாய் செலுத்துவது ஏன் கடினமாக இருந்தது என்பதை தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் கோணம் வரை விளக்கினார், பல் மருத்துவரிடம் அனுப்புவதாகச் சொன்னார். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் குறி விழுந்தது. பிறகு அந்த ஆசிரியையிடம் கேட்டேன். அவர் ரெசிடென்டிடமே சொன்னார்: "நீங்கள் பேசிய நேரம் முழுவதும் உங்கள் ஒரு கை கதவின் பிடியிலேயே இருந்தது. எப்போது கிளம்புவீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு முறைகூட என்னிடம் நீங்கள் எதையும் கேட்கவில்லை."

அந்த ரெசிடென்ட் அன்று கற்றுக்கொண்டதை எந்த விரிவுரையும் அவருக்குத் தந்திருக்க முடியாது. அடுத்த முறை அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பல் உடைந்ததை முதல் வாக்கியத்திலேயே சொன்னார், வருந்துகிறேன் என்றார், பிறகு பேசாமல் இருந்தார். நோயாளி அழுதார், கோபப்பட்டார், எப்படி நடந்தது என்று கேட்டார். கேட்ட பிறகே விளக்கினார். எட்டு நிமிடமும் தேவைப்பட்டது.

ஆகவே நடிப்பவர் யார் என்பது எதையும்விட முக்கியம். உடன் படிக்கும் ரெசிடென்ட் நோயாளியாக நடித்தால், நீங்கள் சொல்லும் மருத்துவச் சொல் எல்லாம் அவருக்குப் புரியும், கோபத்தையும் பாதியில் நிறுத்திச் சிரித்துவிடுவார். மருத்துவமனைத் தன்னார்வலர்கள், வேறு பிரிவுச் செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றோரைக் கேளுங்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி பெற்ற மாதிரி நோயாளிகளே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். மயக்கவியல்தான் மருத்துவப் பாவனைப் பயிற்சியின் (சிமுலேஷன்) தாய்வீடு. 1960களில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சிம் ஒன்' என்ற கணினிவழி மனிதப் பொம்மை மயக்க மருத்துவர்களுக்காகவே செய்யப்பட்டது, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா விமானிகளின் பயிற்சியைப் பார்த்து மயக்கவியல் நெருக்கடிப் பயிற்சியை அமைத்தார். இன்று ஒவ்வொரு ரெசிடென்டும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவனைப் பயிற்சியில் பங்கேற்பது கட்டாயம். இதை நடத்திவிட்டு, எங்கள் துறையில் போர்டுக்கான பயிற்சி இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றன்று. பொம்மையின் முன்னால் நடக்கும் பயிற்சி ஒரு குழுவுக்கானது: உதவிக்கு யாரை அழைப்பது, யார் எதைச் செய்வது, மயக்க மருந்தால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறும் மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா வந்தால் அதற்கான மருந்தான டான்ட்ரோலினைக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் கலக்க எத்தனை கைகள் வேண்டும் என்பவற்றை அது கற்றுத்தருகிறது. நோயாளியின் உயிருக்கு அதுதான் பெரிது என்பேன். ஆனால் போர்டு தேர்வில் உங்களுக்கு உதவியாளர் கிடையாது, நீங்களும் உங்கள் பேச்சும்தான்.

மாதிரித் தேர்வில் மதிப்பெண் போடுவதா என்று பல துறைகள் விவாதிக்கின்றன. தேர்ச்சி, தோல்வி என்ற முத்திரையை நான் ஏற்கவில்லை. உண்மையான வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு தேர்வாளரும் எவ்வளவு கண்டிப்பானவர், கேட்ட கேள்வி எவ்வளவு கடினம் என்பவற்றையும் ராஷ் எனப்படும் புள்ளியியல் முறையால் கணக்கில் எடுத்தே முடிவு செய்கிறார்கள். துறையில் இரண்டு பேராசிரியர்கள் போடும் எண்ணுக்கு அந்தப் பின்புலம் கிடையாது. ஒருவர் தாராளமாகப் போடுவார், மற்றவர் யாருக்கும் பாதிக்கு மேல் போட மாட்டார். அந்த எண்ணைப் பார்த்து மனம் உடைந்தவர்களையும், மெத்தனமாக இருந்து பிறகு தவறியவர்களையும் பார்த்திருக்கிறேன். எண்ணுக்குப் பதிலாக நீங்கள் சொன்ன வாக்கியங்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். "7ஆம் நிமிடத்தில் 'கொடுக்கலாம்' என்றீர்கள், கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை" என்ற ஒரு குறிப்பு பத்து மதிப்பெண் அட்டவணைகளுக்குச் சமம்.

தேர்வு முடிந்த உடனே கிடைக்கும் கருத்தே பயன்படும். 35 நிமிடத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் பேச ஒதுக்க வேண்டும், அதில் முதலில் பேச வேண்டியவர் தேர்வு கொடுத்தவர். "அந்த இடத்தில் நீங்கள் என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?" என்ற கேள்வியோடு தொடங்கும் ஆசிரியர், தவறான முடிவுக்குப் பின்னால் இருந்த சரியான சிந்தனையையும், சரியான முடிவுக்குப் பின்னால் இருந்த குருட்டு மனப்பாடத்தையும் கண்டுபிடித்துவிடுவார். காணொளியாகப் பதிவு செய்தால் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை, முதல் இரண்டு நிமிடம் போதும். தம் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதைப் பலரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

உங்களைத் தினமும் பார்க்கும் ஆசிரியரே தேர்வாளராக உட்கார்ந்தால் பயன் பாதியாகிவிடும். நீங்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் மீதியை அவர் தம் மனத்தில் நிரப்பிக்கொள்வார், உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து ஊர் மருத்துவமனையோடு தேர்வாளர்களை மாற்றிக்கொள்வது மிக எளிய ஏற்பாடு, காணொளி அழைப்பிலேயே செய்யலாம்.

கேள்விகளைப் பற்றி ஒன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். முந்தைய ஆண்டு தேர்வு கொடுத்தவர்களிடம் கேள்விகளைக் கேட்டு வாங்கி மாதிரித் தேர்வு நடத்தாதீர்கள். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் உறுதியளித்தே உள்ளே போகிறார்கள். அதை மீறச் செய்வது அவருடைய சான்றிதழுக்கும் உங்களுடையதற்கும் ஆபத்து. எந்தெந்தத் தலைப்புகளில் கேட்கப்படும் என்ற பட்டியலை வாரியமே வெளியிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, நீங்கள் சென்ற வாரம் மயக்கம் கொடுத்த நோயாளியின் அடையாளத்தை நீக்கிவிட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள். கேள்வி தயாரிப்பவரே அதிகம் கற்கிறார் என்பது என் அனுபவம்.

இனி, உங்கள் துறையில் ஆண்டுக்கு இருமுறை நடப்பதைப் பற்றி. இரண்டு பெரிய நாள்களைவிட, மாதம் ஒரு சிறிய அமர்வு நல்லது. சனிக்கிழமை காலையில் அறுவைக்குப் பின் நோயாளிகளை வைக்கும் பிரிவின் படுக்கைகள் காலியாக இருக்கும். மூன்று திரைச்சீலைகளுக்குப் பின்னால் மூன்று நிலையங்கள், ஒவ்வொன்றின் வெளியிலும் ஒட்டிய ஒரு தாள், எட்டு நிமிடத்துக்கும் நான்கு நிமிடத்துக்கும் ஒலிக்கும் ஒரு கைபேசி, இவ்வளவு போதும். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர் முடித்துவிடலாம். மீதி நேரத்துக்குப் புத்தகம் இருக்கிறது. படிப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. எக்கோவோ நரம்பின் பாதையோ தெரியாதவரை எந்த மாதிரித் தேர்வும் காப்பாற்றாது, தெரியாது என்பதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், அதுவும் ஒரு பயன்.

ரெசிடென்சி முடிந்து தனியாக இருக்கும் மாதங்களுக்கும் இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உடன் படிப்பவர்களில் இருவரோடு, தேர்வுக்கு 12 வாரம் முன்பிலிருந்து வாரம் இருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பு என்று நாள் குறித்துவிடுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல, மூன்றாமவர் சொன்ன வாக்கியங்களை எழுதிக்கொள்ளட்டும். கேட்பவர் முகம் காட்டக்கூடாது, "சரி" என்று சொல்லக்கூடாது. அன்றாட வேலையிலும் ஒரு நாளில் ஒரு நோயாளிக்காவது, மயக்கம் தொடங்கும் முன் உங்கள் திட்டத்தையும் அதன் காரணத்தையும் உடன் இருக்கும் செவிலியரிடமோ மாணவரிடமோ முழு வாக்கியங்களில் சொல்லுங்கள். அவர் 'ஏன்' என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள்.